தொழிலாளரின் ஆரோக்கியத்துக்குப் புள்ளி போட்டு போனஸ் கொடுக்கலாமா?

கேள்வி: அச்சுவேலிப் பக்கத்தில் மிளகாய்த்தூள், கறித்தூள், அரிசிமா செய்து பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் ஆளணி அலுவலராக இருக்கிறேன். மொத்தம் 64 பேர்: வறுக்கும் பகுதியில் 7, அரைக்கும் பகுதியில் 9, பொதியிடலில் 30 (எல்லாரும் பெண்கள்), களஞ்சியத்திலும் லொறியிலும் 8, அலுவலகத்தில் 10. போன வருடம் மருத்துவ முகாம் வைத்துப் பிரஷரும் சீனியும் பார்த்தோம். அந்தத் தாள்கள் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கின்றன. பிறகு ‘உங்கள் உடல்நலம், மனநலம் எப்படி?’ என்று பெயர் எழுதும் படிவம் ஒன்று கொடுத்தோம். எல்லாரும் ‘நல்லம்’ என்று எழுதித் தந்தார்கள். ஆனால் லீவு கூடிக்கொண்டே போகிறது, அனுபவமுள்ள இருவர் விலகியும் விட்டார்கள். இப்போது முதலாளி ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஆரோக்கியப் புள்ளி போட்டு வருட போனஸுடன் சேர்க்கலாம் என்கிறார். கொழும்பு நிறுவனம் ஒன்று அதற்கு ஒரு செயலி தருவதாகச் சொல்கிறது. எதை, எப்படி அளப்பது?
— ஆளணி அலுவலர், வலிகாமம்

பதில்:

வணக்கம். முதல் வேலையாக அந்த அலுமாரியைத் திறவுங்கள். 64 பேர் பார்க்கப்பட்ட இடத்தில் 140/90க்கு மேல் பிரஷர் இருந்தவர்களும், வெறுவயிற்றில் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தவர்களும் சிலராவது இருக்கக்கூடும். அவர்களுக்கு அது சொல்லப்பட்டதா, யாராவது கிளினிக்கில் பதிந்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் இட்டு ஒட்டி, உரியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பிரதி எடுத்து வைக்க வேண்டாம். எந்த அளவுக்கு மேல் வந்தால் எங்கே போக வேண்டும் என்று ஒரு துண்டு எழுதி எல்லா உறையிலும் ஒரே மாதிரி வையுங்கள். சிலருக்கு மட்டும் வைத்தால் யாருக்கு வருத்தம் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். இதை இந்தக் கிழமையே செய்து முடியுங்கள். புதிய அளவை எதுவானாலும் அதற்குப் பிறகுதான்.

எல்லாரும் ‘நல்லம்’ என்று எழுதியதில் அதிசயம் இல்லை. பெயர் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்கும் தாளில் ‘நித்திரை வருவதில்லை’, ‘நாரி நோகிறது’ என்று எழுத யாருக்குத் துணிவு வரும்? அடுத்த மாதம் ஓவர்ரைம் யாருக்கு என்று தீர்மானிப்பவரும் அவர்தானே. கேள்வியிலும் பிழை இருக்கிறது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் நம் ஊரில் மறுமொழி எப்போதும் ஒன்றுதான். எத்தனை நாளுக்குள், உடம்பில் எங்கே, எந்த வேலையின்போது என்பவை கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘கடந்த 7 நாளில் நாரி நோவால் மூடை தூக்க முடியாமற் போனதா?’ என்று கேட்டுப் பாருங்கள், மறுமொழி மாறும்.

அளக்கத் தொடங்குமுன் முதலாளியுடன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அளந்து கண்டதில் எதைத் திருத்த அவர் பணம் ஒதுக்குவார்? அரைக்கும் பகுதியில் தூசு அதிகம் என்று வந்தால் உறிஞ்சு குழாய் பூட்டுவாரா? மூடையின் நிறை பிழை என்று வந்தால் கொள்வனவை மாற்றுவாரா? மாட்டார் என்றால் அந்தக் கேள்வியையே கேட்க வேண்டாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் அடுத்த முறை பாதிப் பேர் வெற்றுத்தாள் தருவார்கள், மிச்சப் பேர் மறுபடி ‘நல்லம்’ என்று எழுதுவார்கள்.

இனி அளவைக்கு வருவோம். உங்கள் கையில் ஏற்கெனவே உள்ளது லீவுப் பதிவு. சுகவீன லீவு வீதம் என்பது இழந்த நாட்களை வேலை செய்திருக்க வேண்டிய நாட்களால் வகுத்து 100ஆல் பெருக்குவது. 64 பேர், மாதம் 25 வேலைநாள் என்றால் 1600 ஆள்நாட்கள். அதில் 72 போயிருந்தால் 4.5 வீதம். இந்த ஓர் எண்ணை மட்டும் முதலாளியிடம் கொண்டுபோகாதீர்கள். அந்த 72இல் 24 நாள் சத்திர சிகிச்சை செய்த ஒருவருடையது என்றால், அது தொழிற்சாலையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மிச்சம் 48ம் ஒவ்வொரு நாளாக, அதுவும் பெரும்பாலும் அரைக்கும் பகுதியிலிருந்து போயிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆகவே நீண்ட லீவையும் ஓரிரு நாள் லீவையும் பிரித்து, பகுதிவாரியாக, கிழமைநாள்வாரியாக எழுதுங்கள்.

மாதத்தோடு மாதம் ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள் திதியைப் பொறுத்து ஆங்கில மாதத்தில் முன்பின் நகரும். ஒரு வருடத்து ஓகஸ்ட்டை அடுத்த வருடத்து ஓகஸ்ட்டோடு வைத்தால் திருவிழாவைத்தான் அளப்பீர்கள். திருவிழாக் காலத்தைத் திருவிழாக் காலத்தோடு வையுங்கள்.

செயலி விற்பவர்கள் பிராட்ஃபோர்ட் கணக்கு என்று ஒன்றைச் சேர்த்துத் தரக்கூடும். லீவெடுத்த தடவைகளின் வர்க்கத்தை மொத்த நாட்களால் பெருக்குவது அது. ஒரேயடியாகப் பத்து நாள் நின்றவருக்கு 10 வரும். பத்துத் தடவை ஒவ்வொரு நாள் நின்றவருக்கு 1000 வரும். மாதமாதம் கிளினிக்குக்குப் போகும் சலரோகக்காரரும், இழுப்பு வந்து ஒரு நாள் படுத்து எழும்புபவரும்தான் அதில் அகப்படுவார்கள். அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது வேலைத்தலம். என் கருத்தில் உங்கள் தொழிற்சாலையில் மிகப் பயனுள்ள அளவை இதுதான், இதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. உங்களோடு இரண்டு தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு முழு வேலைநாள் ஒவ்வொரு பகுதியாக நின்று பாருங்கள்.

அரைக்கும் பகுதியில் தூசு. மிளகாயின் உறைப்புச் சத்து தொண்டையையும் மூச்சுக்குழாயையும் உறுத்தி இருமலையும் தும்மலையும் கொண்டுவரும். மா, மல்லி போன்ற தானிய, வாசனைத் திரவியத் தூசுகளால் சிலருக்குக் காலப்போக்கில் ஒவ்வாமை உண்டாகி ஆஸ்துமாவாகவும் மாறலாம். இதைப் பிடிக்க மிக நல்ல கேள்வி: ‘இருமல், இழுப்பு, மூக்கடைப்பு லீவு நாட்களில் குறைகிறதா?’ குறைகிறது என்பவர் வைத்தியரைப் பார்க்க வேண்டும். பீக் ஃப்ளோ எனப்படும், ஊதி மூச்சின் வேகம் அளக்கும் சிறு கருவியை அவருக்கு வைத்தியர் கொடுக்கலாம். நாளுக்கு நாலு தடவையாவது, வேலைநாளும் லீவு நாளும் அடங்க இரண்டு முதல் நாலு கிழமை ஊதி எழுதி வந்தால், வேலைநாளில் எண் விழுந்து லீவில் ஏறுவது வரைபடத்தில் தெரியும். ஒரு தடவை மட்டும் ஊதிப் பார்த்து ‘சரி’ என்று விட்டால் ஒன்றும் தெரியாது.

திருத்தமும் இந்த ஒழுங்கில்தான் வர வேண்டும்: ஆலையின் வாயை மூடுவது, தூசு கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுவது, விளக்குமாறாலும் அமுக்கக் காற்றாலும் தட்டுவதை நிறுத்தி உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்வது, அதற்குப் பிறகு முகக்கவசம். துணிக்கவசமும் வைத்தியசாலையில் கட்டும் நீலக் கவசமும் இந்தத் தூசுக்குப் போதாது. என்95 வகை வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் விளிம்பால் காற்று உள்ளே போகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்றில் நிறைந்த மாத்தூசு தீப்பொறி பட்டால் வெடிக்கும். வறுக்கும் அடுப்புக்கும் ஆலைக்கும் இடையே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அதே பகுதியில் சத்தம். ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்குக் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறதென்றால் 85 டெசிபலைத் தாண்டியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலியின் எண் துல்லியமானதல்ல, ஆனால் எந்த மூலை மோசம் என்று காட்டும். 85 டெசிபலில் 8 மணித்தியாலம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2, 94இல் 1. அங்கே நிற்கும் 9 பேருக்கும் வருடத்துக்கு ஒருமுறை செவிப்புலன் சோதனை வேண்டும். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணித்தியாலம் சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். ஆகவே திங்கள் காலை வேலை தொடங்குமுன் செய்விப்பது நல்லது. நடு ஷிப்ட்டில் கூட்டிக்கொண்டு போனால் தற்காலிகமாக மந்தமான காதைத்தான் அளப்பீர்கள்.

வறுக்கும் பகுதியில் சூடு. பங்குனி தொடக்கம் வெயில் ஏறும் மாதங்களில் அடுப்பின் அனலும் சேர்ந்துவிடும். சுவரில் மாட்டிய வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்லும், அனற்கதிரையும் ஈரப்பதனையும் சொல்லாது. அதற்கென்று கறுப்புக் கோளமும் ஈரத் திரியும் கொண்ட கருவி உண்டு. அது கிடைக்கும்வரை எளிய வழி ஒன்று: விரும்புபவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் காய்ந்த உடுப்போடு ஒரே தராசில் நிறை பார்க்கட்டும். 60 கிலோ உள்ளவர் ஒரு ஷிப்ட்டில் 1.2 கிலோவுக்கு மேல், அதாவது நூற்றுக்கு 2க்கு மேல் குறைந்திருந்தால் அவர் போதியளவு தண்ணீர் குடிக்கவில்லை. சூட்டில் நிற்பவர் 15–20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், ஏறத்தாழ 250 மில்லிலீற்றர், குடிக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டவும் கூடாது.

தண்ணீரோடு மலசலகூடத்தையும் சேர்த்துப் பாருங்கள், குறிப்பாகப் பொதியிடும் பெண்களுக்கு. கேட்டுத்தான் எழும்ப வேண்டும், இரண்டு தடவைக்கு மேல் போனால் முகம் சுளிப்பார்கள் என்றால் அவர்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மதியத்துக்குள் தலையிடி, அடிக்கடி சலக்கடுப்பு என்று அது லீவுப் பதிவில் வந்து நிற்கும். 30 பேருக்கு எத்தனை கூடம், உள்ளே தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா, மாதவிடாய்க் காலத்துக்கு மூடியுள்ள வாளி உண்டா என்று எழுதுங்கள். இதைத் திருத்த அதிகம் செலவில்லை, பலன் சில கிழமைகளில் தெரியும்.

களஞ்சியத்தில் மூடை. பரவலாகப் பயன்படும் தூக்குநிறைக் கணக்கு ஒன்று, எல்லாம் வாய்ப்பாக இருக்கும்போதுகூட (உடம்போடு அணைத்து, இடுப்பு மட்டத்தில், திரும்பாமல்) 23 கிலோவிலிருந்துதான் தொடங்குகிறது. நிலத்திலிருந்து தூக்கினாலும், லொறித் தட்டுக்கு மேலே எறிந்தாலும், அடிக்கடி செய்தாலும் அந்த எண் இன்னும் குறையும். 50 கிலோ மூடையை ஒருவர் தனியே தூக்குகிறார் என்றால் நோவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வழங்குபவரிடம் 25 கிலோப் பையில் கேளுங்கள், கைவண்டி வாங்குங்கள், லொறித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை கட்டுங்கள். 25 கிலோவும் பாதுகாப்பான நிறை என்று நினைத்துவிடாதீர்கள், கைவண்டியும் மேடையும் இருந்தால்தான் அது தாங்கும்.

இப்போது வினாத்தாள், இந்த முறை பெயர் எழுதாமல். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், பெரிய எழுத்து, புள்ளடி மட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று அஞ்சுவார்கள், அந்த அச்சம் நியாயமானது.

மனநிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விச் சுட்டியைப் பயன்படுத்துங்கள். 1998 முதல் பல மொழிகளில் பயன்பட்டு வருகிறது. கடந்த இரண்டு கிழமையில் மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பு சுறுசுறுப்பாக இருந்ததா, நித்திரைவிட்டு எழும்போது களைப்பில்லாமல் இருந்ததா, அன்றாட வாழ்வில் மனம் ஈடுபட ஏதாவது இருந்ததா என்பவைதான் அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் 25க்குள் வரும், 4ஆல் பெருக்கினால் நூற்றுக்கு. 3, 2, 3, 2, 2 என்று போட்டவருக்கு 12, அதாவது 48. 50க்குக் கீழே என்றால் மனநிலை தாழ்ந்திருக்கிறது, கவனிக்க வேண்டும் என்று கொள்வார்கள். அது நோய் என்ற தீர்ப்பாகாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு பகுதியில் எத்தனை வீதம் பேர் 50க்குக் கீழே என்பதை.

மனச்சோர்வுக்கு வைத்தியர்கள் பாவிக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பெயரில்லாத வினாத்தாளில் அதைச் சேர்க்க வேண்டாம். அதன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. யாரோ ஒருவர் ‘ஆம்’ என்று புள்ளடி போட்டிருப்பார், அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, தேடிப் போகவும் முடியாது. போர்க்காலத்து இழப்புகளைப் பற்றியும், குடும்பக் கடனைப் பற்றியும் தொழிற்சாலை கேட்கக் கூடாது. அவை மனநிலையைத் தாழ்த்தும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. நீங்கள் செய்யக்கூடியது சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பதும், அவசரத்துக்கு முற்பணம் எடுக்க வழி வைப்பதும்.

உடம்பு நோவுக்கு நோர்டிக் வினாத்தாளின் முறையை எடுங்கள். முதுகுப்புறமாக நிற்கும் ஓர் ஆளின் படம், அதில் கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, நாரி, இடுப்பும் தொடையும், முழங்கால், கணுக்காலும் பாதமும் என்று ஒன்பது இடம். ஒவ்வொன்றுக்கும்: கடந்த 12 மாதத்தில் நோ இருந்ததா, அதனால் வேலை தடைப்பட்டதா, கடந்த 7 நாளில் இருந்ததா. பொதியிடலில் தோளும் மணிக்கட்டும் நிறைய வந்தால் மேசை உயரத்தையும், பை ஒட்டும் கருவி எட்டும் தூரத்தையும் பாருங்கள்.

வேலையின் பாரத்துக்கு ஆறு கேள்வி போதும். கொடுத்த நேரத்துக்குள் வேலையை முடிக்க முடிகிறதா? களைத்தால் சில நிமிடம் இருக்க முடிகிறதா? இடர் என்று சொன்னால் மேற்பார்வையாளர் உதவுகிறாரா? யாராவது கத்துவது, அவமதிப்பது, தொந்தரவு செய்வது உண்டா? இரண்டு பேர் இரண்டு விதமாகக் கட்டளையிடுகிறார்களா? ஷிப்ட் மாற்றம் எத்தனை நாள் முன்னே சொல்லப்படுகிறது? தொந்தரவுக் கேள்விக்கு ‘ஆம்’ என்பவருக்கு வழி இருக்க வேண்டும். தாளின் அடியில் கிழித்து எடுத்துச் செல்லும் துண்டில் பெண்கள் உதவி இலக்கம் 1938ஐயும், உளநல உதவி இலக்கம் 1926ஐயும், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருப்பதையும் அச்சிடுங்கள். இவற்றோடு இருமல், தண்ணீர், மலசலகூடம் பற்றி ஒவ்வொரு கேள்வி. கடைசியில் ‘எதை முதலில் திருத்த வேண்டும்?’ என்று கேட்டு ஆறேழு தெரிவு கொடுங்கள்.

நடத்தும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் நாலைந்து பேரிடம் கொடுத்து ஒவ்வொரு கேள்வியையும் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், தடுமாறும் கேள்வியை மாற்றுங்கள். சம்பள நாளை அண்டியும், போனஸுக்கு முந்திய மாதத்திலும், திருவிழா, விரத நாட்களிலும் வைக்க வேண்டாம். வேலை நேரத்துக்குள்ளேயே அரை மணித்தியாலம் கொடுங்கள். மேற்பார்வையாளர்கள் அந்த அறையில் நிற்கக் கூடாது. வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வெளியாள் ஒருவர் வாசித்துக் காட்டலாம், புள்ளடியை அவரே போடட்டும். பூட்டிய பெட்டிக்குள் தாள் விழ வேண்டும், தொழிற்சாலைக்கு வெளியே உள்ள ஒருவர் திறந்து எண்ண வேண்டும்.

உங்களிடம் 64 பேர்தான் என்பதால் இரகசியத்துக்கு இன்னும் கவனம் தேவை. 10 பேருக்குக் குறைந்த பகுதியின் முடிவைத் தனியே காட்டாதீர்கள். வறுக்கும் 7, அரைக்கும் 9, லொறி 8 மூன்றையும் சேர்த்து 24ஆக ஆக்குங்கள். பொதியிடல் 30. அலுவலகம் 10, ஆனால் அங்கே எட்டுப் பேர் மட்டும் தந்தால் அதையும் தனியே காட்ட முடியாது. மொத்த முடிவையும் மற்ற இரண்டு பகுதியையும் வெளியிட்டால், கழித்துப் பார்த்து அலுவலகத்தின் எண்ணை எடுத்துவிடலாம். அப்படியான சமயத்தில் மொத்தத்தை மட்டும் வெளியிடுங்கள். வயது, பால், சேவைக்காலம் மூன்றையும் கேட்டால் 64 பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அவற்றைக் கேட்காதீர்கள்.

மூன்று கிழமைக்குள் முடிவை அறிவித்தல் பலகையில் போடுங்கள். திருத்தப் போகும் இரண்டு விஷயங்களையும் அதற்கான தேதியையும் அதிலேயே எழுதுங்கள். மறுபடி அளப்பது ஒரு வருடத்துக்குப் பிறகு, அதே பருவத்தில். சிறிய குழுவில் சில புள்ளி ஏறி இறங்குவது தற்செயலாகவும் நடக்கும். 30 பேரின் சராசரி 52இலிருந்து 55 ஆனதைக் கொண்டாட வேண்டாம்.

மருத்துவப் பரிசோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைச் சரியாகச் செய்ய வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசுங்கள். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டோரை இலவசமாகப் பார்க்கிறார்கள். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அங்கே போக அரை நாள் சம்பளத்துடன் விடுங்கள், இது முகாமைவிடப் பயன் தரும். முகாம் வைத்தே ஆக வேண்டும் என்றால் பிரஷர் அளக்கும் விதத்தைக் கவனியுங்கள். மூடை தூக்கிவிட்டு வந்தவரை உடனே இருத்தி, சட்டைக்கு மேலே பட்டி கட்டி, கதைத்துக்கொண்டே எடுத்தால் எண் கூடத்தான் வரும். அரை மணித்தியாலத்துக்குள் தேநீர், சிகரெட், பாரவேலை இருக்கக் கூடாது. சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் நிலத்தில் பட, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் தாங்கலில் இருக்க வேண்டும், பருத்த கைக்குப் பெரிய பட்டி வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். 140/90ஐத் தாண்டினால் வேறொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110ஐத் தாண்டினால் அன்றே வைத்தியரிடம் அனுப்புங்கள். நெஞ்சுநோ, மூச்சுமுட்டல், ஒரு பக்கம் விறைப்பு சேர்ந்திருந்தால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

சீனிக்கு 8 மணித்தியாலம் வெறுவயிறு வேண்டும். 100 முதல் 125 வரை கவனிக்க வேண்டிய எல்லை, 126ஓ அதற்கு மேலோ வந்தால் ஆய்வுகூடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். விரல் நுனி இரத்தத்தில் ஒருதடவை வந்த எண்ணை வைத்து ஒருவரைச் சலரோகக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. இடுப்புச் சுற்றளவில் நம்மவருக்கு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்ற எல்லையை எடுங்கள். ஐரோப்பியரின் எல்லையை எடுத்தால் பலர் தப்பிவிடுவார்கள். முடிவு தொழிலாளியின் கையில் போக வேண்டும். உங்களுக்கு வர வேண்டியது எண்ணிக்கை மட்டும்: எத்தனை பேர் பார்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், மூன்று மாதத்தில் எத்தனை பேர் உண்மையில் கிளினிக்குக்குப் போனார்கள். கடைசி எண்தான் முக்கியம்.

போனஸ் விஷயத்தில் என் மறுமொழி வேண்டாம் என்பதே. சீனிக்குப் புள்ளி குறையும் என்று தெரிந்தால், குளிசையை ஒளித்து வைத்துக் குடிப்பார்கள், கிளினிக்கையும் விட்டுவிடுவார்கள். நெஞ்சுநோவோடு வேலைக்கு வருவார்கள். பரம்பரையாக வந்த வருத்தத்துக்கும், பிள்ளைத்தாய்ச்சியின் களைப்புக்கும், உங்கள் ஆலைத் தூசு கொடுத்த இருமலுக்கும் அவர்களே காசு கட்டுவதாக முடியும். சம்பளத்தோடு சேர்ந்த இடத்தில் சம்மதம் என்பதற்கும் அர்த்தமில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. முதலாளியிடம் இதையும் எடுத்துக் காட்டுங்கள். தூசையும் சத்தத்தையும் கட்டுப்படுத்துவது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி அவருடைய கடமை என்பதையும் சொல்லுங்கள்.

இப்படியான திட்டம் இலாபம் தருமா என்று அவர் கேட்டால் ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவில் ஒரு களஞ்சிய வியாபார நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33,000 பேரை வைத்துக் குலுக்கல் முறையில் நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். உணவு, உடற்பயிற்சி வகுப்புகள் நடந்த கிளைகளில் 18 மாதத்துக்குப் பிறகு ‘நான் உடற்பயிற்சி செய்கிறேன்’ என்று சொன்னவர்கள் கூடினார்கள். பிரஷரிலும், சீனியிலும், லீவிலும், மருத்துவச் செலவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் வரவில்லை. செயலிக்குக் கொடுக்கும் பணத்தை உறிஞ்சு குழாய்க்கும் கைவண்டிக்கும் கொடுத்தால் என்ன என்று அவரிடம் கேளுங்கள்.

அப்படியும் செயலிதான் என்று அவர் நின்றால், ஒப்பந்தத்துக்கு முன் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை இவை. ஒருவருடைய விடையை முதலாளியோ நீங்களோ பார்க்க முடியுமா? எத்தனை பேருக்குக் குறைந்த குழுவின் முடிவை அது மறைக்கும்? தரவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும்? விலகிய தொழிலாளியின் தரவு அழிக்கப்படுமா? புள்ளி எந்தக் கணக்கில் வருகிறது? ஸ்மார்ட் கைபேசி இல்லாதவர் என்ன செய்வது? சேர மறுப்பவரின் பெயர் யாருக்காவது போகுமா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றோ, கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றோ வந்தால் கையெழுத்திட வேண்டாம்.